மாதுளைக்குப் போர்த்திய புடவை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருந்தது என்று யாரிடமாவது நான் சொன்னால் என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பின்கதவைத் திறந்தால் எட்டடிக்கு ஆறடி இடம். அதில் துணி துவைக்கும் கல் ஒன்று, சிமெண்டுத் தொட்டி ஒன்று, தலைக்கு மேலே குறுக்காக ஒரு துணிக்கொடி. இவையெல்லாம் போக மிஞ்சிய இடத்தில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டியிருக்கும். அதைத்தான் நான் தோட்டம் என்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்தேன். ஐந்து வீடுகள் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நின்ற வரிசையில் நான்காவது வீடு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். ஐந்து வீடும் அவருக்குச் சொந்தம். ஐந்து வீட்டுப் பேச்சும் தனக்குச் சொந்தம் என்றே அவர் நினைத்திருந்தார். எங்களுக்கு அடுத்த கடைசி வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகுட்டி இல்லை. விடியும்போதே வாசலில் அடுப்பை மூட்டி இட்லி விற்பாள். எங்கள் வாசல் வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு முதல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவளிடம் நாலு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டுத்தான் ஓடுவார்கள். என் கணவரும் அப்படி ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் செய்யும் நாஷ்டாவை விட அவள் இட்லிதான் மெத்து என்று என்னிடமே சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது.

அவள் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு பனையோலைத் தட்டி மட்டும்தான்.

மரம் வைக்கும் ஆசை எனக்குக் கோபத்தில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கீரை விதைக்கலாமா என்று கேட்டேன். கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இந்த எடத்துல இன்னாம்மே வரும்? செங்கல்லுதான் வரும்," என்றார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் நிற்கும். கீரை என்று கேட்டவள், "மரமே வெச்சுக் காட்டுறேன், பாத்துக்கினே இரு," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன மரம் என்று யோசித்தேன்.

மா வைத்தால் கூரையைத் தூக்கிவிடும். கொய்யா நிழலில் துணி காயாது. முருங்கையை ஒரு காற்று முறித்துப் போட்டுவிடும். ஸ்டேஷனை ஒட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலில் மாதுளை ஒன்று, என் உயரத்துக்கு மேல் போகாமல், கிளை கிளையாகக் காய்த்து நின்றதைப் பார்த்திருந்தேன். அந்த வீட்டில் கேட்டு, பென்சில் கனத்தில் ஒரு முழக் குச்சி ஒடித்து வந்தேன். மாதுளை, வெட்ட வெட்டக் கோபித்துக்கொள்ளாத செடி. எட்டடி இடத்துக்கு அந்தக் குணம்தான் முக்கியம். வீட்டில் கோபித்துக்கொள்ள ஏற்கெனவே நான் இருந்தேன்.

எங்கே நடுவது என்று ஒரு வாரம் பின்கதவில் உட்கார்ந்து வெயிலை வேவு பார்த்தேன். பத்து மணிக்குக் கூரை விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். இரண்டு மணிக்கெல்லாம் சுவர் ஏறிப் போய்விடும். தட்டியை ஒட்டிய மூலையில் மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கும். அந்த மூலையில் குழி வெட்டினேன். கணவர் சொன்னது பொய்யில்லை. வீடு கட்டியபோது மிச்சமான செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் இரண்டடி ஆழத்துக்கு வந்துகொண்டே இருந்தன. நாலு நாள், ஷிப்ட் முடிந்து வந்து அவரே வாளி வாளியாகச் சுமந்து ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டினார். அந்த நாலு நாளும் நான் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. ஐந்தாம் நாள் செய்தேன்.

குழிக்கு ஏரி வண்டல் இரண்டு கூடை, மக்கிய சாணி ஒரு கூடை. அரிசி மில்லில் உமியை எரித்துக் கொட்டும் கரிச்சாம்பல் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும், அதில் அரை மூட்டை. குச்சி ஒரு மாதத்தில் துளிர்த்தது. துளிர்த்ததும் நுனி கருகியது. துவைக்கும் கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் நேராக அந்த மூலைக்குத்தான் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. கையளவு களிமண் வரப்பு ஒன்று கட்டி அதைச் சாக்கடைப் பக்கம் திருப்பினேன். கடைசி அலசல் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் மட்டும் செடிக்கு. அதன் பிறகு அது திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன இடத்தில் மரம் வளர்ப்பது என்றால் பாதி நேரம் வளர விடாமல் பார்த்துக்கொள்வதுதான். அடியிலிருந்து வாரத்துக்கு நாலு பக்கக் குருத்து கிளம்பும், கிள்ளி எறிய வேண்டும். முழங்கால் உயரம் வரை ஒற்றைத் தண்டு, அதற்கு மேல் மூன்று கிளை, அவ்வளவுதான் என்று கணக்கு வைத்திருந்தேன். ஒரு கிளையைச் சுவரோடு இழுத்துக் கட்டினேன். ஒன்று மேலே போனது. மூன்றாவது என் பேச்சைக் கேட்காமல் வெயிலைத் தேடித் தட்டிப் பக்கமே சாய்ந்தது. மாதுளைக்கு முள் உண்டு என்பது நட்ட பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காய்ந்துகொண்டிருந்த அவருடைய புது வேட்டியை ஒருநாள் அது நெடுக்கக் கிழித்தது. அரிவாளைத் தேடிக்கொண்டு கிளம்பியவரை நான்தான் தடுத்தேன். கொடியை அடுத்த சுவருக்கு மாற்றினோம். வேட்டியைத் தைத்துக் கட்டிக்கொண்டார்.

அக்காவுக்கும் அந்தச் செடி மேல் பிரியம். அவள் அடுப்பு விறகு அடுப்பு. தினமும் வியாபாரம் முடிந்ததும் ஆறிய சாம்பலை ஒரு முறத்தில் அள்ளி, தட்டியின் கீழ் இடுக்கு வழியாக இந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். "தங்கச்சி, சாம்பல் வெச்சிக்கிறேன், செடிக்குப் போடு," என்று குரல் வரும். இரண்டு வருஷம் ஒருநாள் விடாமல் இது நடந்தது.

மூன்றாம் வருஷம் பூத்தது. ஐந்து பூ. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு எங்கள் வீட்டு வழியாகக் கொல்லைக்கு வந்து நின்று பார்த்தாள். "இன்னா கலரு தங்கச்சி! கண்ணப் பறிக்குது!" என்றாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அந்த வாரத்திலேயே ஐந்து பூவும் கொட்டிவிட்டன.

இன்றைக்கு எனக்குத் தெரியும். மாதுளையில் காய்க்காத பூ நிறைய வரும். அடி குடுவையாகப் பருத்த பூ நிற்கும், அடி ஒடுங்கிய பூ உதிரும். முதல் பூப்பில் பெரும்பாலும் உதிர்கிற பூதான். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஐந்து வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் வீட்டுக்கார அம்மா, "இன்னாடி மூஞ்சி தொங்குது?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா வந்து பாத்துச்சு, கண்ணப் பறிக்குதுன்னுச்சு, எல்லாம் கொட்டிப்போச்சு," என்றேன். இதைத் தவிர ஒரு வார்த்தை கூட நான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதே போதுமானதாக இருந்தது.

"அதான பாத்தேன்," என்றார் வீட்டுக்கார அம்மா. குடத்தைக் கீழே வைத்தார். "அது கண்ணு அப்படிப்பட்ட கண்ணு. புருஷன் இல்ல, புள்ள இல்ல. ஏங்கிப் பாக்கும்டி. செடிய மூடி வை."

மூடினேன். என்னுடைய பழைய வாயில் துணிப் புடவை ஒன்று, ஊதா நிறம். மரத்தின் தலை முதல் இடுப்பு வரை போர்த்தி, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டினேன். தட்டிப் பக்கம் ஓரிடத்திலும் இடைவெளி தெரியாதபடி முந்தானையை இரண்டாக மடித்துவிட்டேன். மூன்றாவது கிளையின் நுனி மட்டும் தட்டிக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் தலைநீட்டியிருந்தது. முள் நிறைந்த அதை இழுத்து உள்ளே கொண்டுவர முடியாமல் விட்டுவிட்டேன். மறுநாள் அக்கா வழக்கம்போலச் சாம்பலைத் தள்ளிவிட்டு நிமிர்ந்திருப்பாள், புடவையைப் பார்த்திருப்பாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து சாம்பல் வரவில்லை.

புடவைக்குள்ளே மறுபடியும் பூ வந்தது, மறுபடியும் கொட்டியது. கொட்டக் கொட்ட நான் இன்னும் இறுக்கிக் கட்டினேன். இத்தனை மூடியும் அவள் கண் உள்ளே போகிறதே என்று வரிசை முழுக்க ஆச்சரியப்பட்டது. தேனீயும் வெயிலும் உள்ளே போகவில்லை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பேச்சு கொல்லையிலிருந்து வாசலுக்கு வந்தது. இரண்டாம் வீட்டுக்காரியின் பசு பால் மறுத்தது, அதற்கும் அக்காவின் கண். மூன்றாம் வீட்டில் உலையில் அரிசி குழைந்தது, அதற்கும் அவள்தான். பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம், அவள் கையால் சாப்பிட்டுவிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்கள் வேறு தெருக்காரர்களிடம் சொன்னார்கள். அவள் தட்டில் இட்லி மிஞ்சியது. என் கணவர் மட்டும் தினமும் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். "எனக்குப் பசிக்குது, எனக்கு இன்னா கண்ணு காது?" என்பார். நான் அவரை நிறுத்தவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நான் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குக் கடம்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். போகும்போது கணவரிடம், தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும், புடவையை மட்டும் அவிழ்க்கக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனேன். பங்குனியில் பெண் பிறந்தாள். ஆனி முடியும்போது மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்தேன். புடவை வெளுத்து, கட்டியது கட்டியபடியே இருந்தது. அடியில் உதிர்ந்த பூக்கள் காய்ந்து கிடந்தன.

வந்த அன்றைக்கே சேதி தெரிந்தது. வீட்டுக்கார அம்மா அக்காவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "ஆடியில யாரும் ஊடு மாற மாட்டாங்க. அதனால வுட்டு வெக்கிறேன். ஆவணி பொறந்ததும் எடத்தக் காலி பண்ணிடு," என்று நாலு பேர் முன்னால் சொன்னாராம். அந்த வாசலை விட்டால் அவளுக்கு வியாபாரம் இல்லை. வேறு போக்கிடமும் இல்லை. ஆடி மாதம் முழுக்க அவளுக்குத் தவணை, அவ்வளவுதான். எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் கையில் குழந்தை இருந்தது, அதன் கன்னத்தில் நான் வைத்த கறுப்புப் பொட்டு பெரிதாக இருந்தது. அக்கா வாசலில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் குழந்தையோடு வெளியே போனேன்.

ஆடி பிறந்து பத்து நாளில் காற்று எங்கள் தட்டியைப் பிடுங்கித் தள்ளியது. நடுப்பகல். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு ஓடினேன். தட்டி எங்கள் பக்கமாகத் துவைக்கும் கல் மேல் விழுந்து கிடந்தது. முதல் தடவையாக அக்காவின் கொல்லை எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மூன்றாவது கிளை அந்தப் பக்கம் மூன்றடி வளர்ந்து வளைந்திருந்தது. அதில் மூன்று மாதுளம் பழங்கள். என் இரண்டு உள்ளங்கையும் கொள்ளாத அளவு ஒவ்வொன்றும். கனம் தாங்காமல் கிளை ஒடிந்துவிடாதபடி ஒரு கவட்டைக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தது. கம்பு உராயாமல் இருக்கக் கிழிந்த துணி சுற்றியிருந்தது. கிளைக்கு நேர் எதிரே அவள் பாத்திரம் தேய்க்கும் இடம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவள் கண் அந்தக் கிளை மேல் பட்டிருக்கும்! என் புடவைக்குள் ஒன்று கூட இல்லை.

அக்கா பின்கதவில் நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே பேசினாள்.

"மாசியிலயே பிஞ்சு வுட்டுச்சு. பறிச்சா திருடின்னுவீங்க. சொன்னா கண்ணு வெச்சிட்டான்னுவீங்க. அதான் பேசாம இருந்துக்கினேன். மூணும் அப்படியே இருக்குது, எண்ணிக்கோ."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன் கோபம் வந்தது, என் மேல்தான். அங்கேயே புடவையைக் கயிறோடு பிய்த்து எறிந்தேன், முள்ளில் கை கிழிந்தது. நேராக வாசலுக்குப் போய் வீட்டுக்கார அம்மாவையும் மற்ற இரண்டு வீட்டுப் பெண்களையும் இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். "பாருங்க. அக்கா தினமும் பாக்குற கெளையில காய்ச்சிக்குது. நான் மூடி வெச்சதுல ஒண்ணும் இல்ல. மூடுனதாலதான் கொட்டிச்சு. தப்பு என்னுது," என்றேன். என் வாழ்க்கையில் தப்பு என்னுடையது என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் பழங்களைப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா மோவாயில் கை வைத்தார்.

"அடி ஆத்தே! எம்மாம் பெரிய கண்ணுடி அது! மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கிச்சு பாரு!"

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் எதைக் காட்டி அவளைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேனோ அதுவே சாட்சியாக அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அக்கா அங்கேயேதான் நின்றாள். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கணவரிடம் என் யோசனையைச் சொன்னேன். பீடியைப் பற்றவைக்கப் போனவர் நிறுத்தினார். "உனக்குப் பயமில்லியா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப செய்," என்றார்.

மறுநாள் காலை, ஸ்டேஷனுக்குப் போகும் கூட்டம் வாசலில் இருக்கும் நேரம், குழந்தையின் கன்னத்துப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். இடுப்புக் கறுப்புக் கயிற்றையும் அவிழ்த்தேன். வீட்டுக்கார அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். இரண்டே பேர் அக்காவின் அடுப்புக்கு முன் குந்தியிருந்தார்கள். நான் போய்க் குழந்தையை நீட்டி, "புடிக்கா," என்றேன்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் தங்கச்சி. எடுத்துக்கினு போ. எனக்கே பயமாக்குது."

"இன்னாக்கா பயம்?"

"நேத்து பூரா நெனச்சுப் பாத்தேன். எங்க ஊட்டுக்காரரு படுத்துக்கினு இருந்தப்ப நான்தான் பக்கத்துல குந்திக்கினு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். ஒரு மாசம். அவரு பூட்டாரு."

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஊரார் சொன்னதை நான் எதிர்பார்த்திருந்தேன். அவளே அதை நம்புவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை அவள் மனசில் போட்டதும் என் வாய்தான். நான் குழந்தையை அவள் மடியில் வைத்தேன். விழுந்துவிடுமே என்று கை தானாக வந்து பிடித்தது. கண் மட்டும் திறக்கவில்லை. குழந்தை அவள் விரலில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டியது.

"பாருக்கா. கண்ணத் தெறந்து பாரு. பெத்தவ நான் சொல்றேன், பாரு."

திறந்தாள். வெகு நேரம் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அழகு என்றோ லட்சணம் என்றோ ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. தேடித் தேடிக் குறைதான் சொன்னாள். "சப்ப மூக்கு. அப்பன் மாதிரியே கறுப்பு. தலையில ஒரு முடி இல்ல," என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. குந்தியிருந்த இருவரில் ஒருவர் இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

வீட்டுக்கார அம்மா வாளியை வைத்துவிட்டு, "பாக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள தெரிஞ்சிடும்," என்றார். அன்றிலிருந்து வரிசை முழுக்க என் குழந்தையைக் கவனித்தது. பால் குடித்ததா, ஏன் சிணுங்குகிறது, முகம் வாடியிருக்கிறதா என்று கிணற்றடியில் கேள்வி மேல் கேள்வி. குழந்தைக்கு ஒன்று ஆனால் அக்கா வெளியே. இதை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தினமும் காலையில் குழந்தையை அவள் மடியில் விட்டேன். மூன்று நாள் அவள் பார்த்தாள், சிரித்தாள், மூக்கைத் திட்டினாள். நாலைந்து பேர் மறுபடி இட்லிக்கு வர ஆரம்பித்தார்கள்.

நாலாம் நாள் காலையில் தூக்கியபோது குழந்தை கொதித்தது.

காய்ச்சல். குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனால் நான் பேசியது, பழத்தைக் காட்டி வாதாடியது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அடுப்படிக்குப் போய் உப்பும் மிளகாயும் அள்ளிவந்து குழந்தையை மூன்று சுற்று சுற்றினேன். அடுப்பில் போடக் கையைக் கொண்டுபோனேன். போட்டால் மிளகாய்ப் புகை ஓட்டு இடுக்கு வழியாக ஐந்து வீட்டுக்கும் போகும். எதற்காகச் சுற்றிப் போட்டேன் என்று ஐந்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டேன். கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை. பொன்னேரியில் டாக்டரிடம் காட்டலாம் என்றார். அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம்.

குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா கேட்டார், அத்தை வீடு என்றேன். கணவர் நல்ல சட்டை போட்டிருந்ததால் நம்பினார். அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். மூன்று நாள் பழக்கத்தில் தயக்கம் போய்விட்டிருந்தது. "சப்ப மூக்கி எங்க கெளம்பிட்டா?" என்று சிரித்துக்கொண்டே குழந்தையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

தொட்டால் சூடு தெரிந்துவிடும். தெரிந்தால் மற்றவர்கள் சொல்வதற்கு முன் அவளே மூட்டையைக் கட்டிவிடுவாள். நான் சட்டென்று திரும்பிக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு அதை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. "போய்ட்டு வா தங்கச்சி," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆடி முடிந்தது, ஆவணி பிறந்தது, குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, வீட்டுக்கார அம்மா காலி செய்கிற பேச்சையே எடுக்கவில்லை. அக்கா அதே வாசலில் இன்னும் பல வருஷம் இட்லி விற்றாள். ஊரார் எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு என் குழந்தையை அவளாகக் கை நீட்டி வாங்கியதே இல்லை. நான் மடியில் வைத்தால் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஏன் தோள் மாற்றினேன் என்று பல தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். காய்ச்சலைச் சொன்னால் தன் கண்தான் என்று நம்பிவிடுவாள். சூடு தெரியக் கூடாது என்றுதான் திரும்பினேன். அந்த ஒரு கணத்தில் அவள் கண்ணுக்கும் நான் பயப்படவே இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால், என்னால் முடியாது. அதனால் எதுவும் சொல்லாமலே விட்டேன். நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் எனக்குத் தினமும் காலையில், "தங்கச்சி, சூடா இருக்குது, ரெண்டு எடுத்துக்கினு போ," என்று குரல் கொடுத்தாள்.